மேலத்தெரு குடும்பம்: ராஜி அத்தை அனுப்பிய பத்திரிகை

ராஜி அத்தை: 📄 கல்யாண அழைப்பிதழ்.ஏபிகே
ராஜி அத்தை: அனைவரும் குடும்பத்துடன் வருக 🙏

சரோஜா பெரியம்மா: ஓ, இப்போது போனிலேயே அழைத்துவிடுகிறார்களா. நல்லது.

குமார்: கல்யாணம் தை மாதம்தானே? மண்டபமே முடிவாகவில்லை என்றார்களே

சரோஜா பெரியம்மா: எங்களிடம் அதையும் யாரும் சொல்லவில்லை

பாலு மாமா: எனக்குத் திறக்கவில்லை. ஏதோ அனுமதி கேட்டது, எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்துவிட்டேன்.

வித்யா: ஐயோ மாமா

வித்யா: யாரும் அதைத் தொடாதீர்கள். பத்திரிகை இல்லை அது.

மோகன் சித்தப்பா: எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லை பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்பை நிறுவுகிற கோப்பு. பாலு பத்திரிகையைப் பிரிக்கவில்லை, முன்பின் தெரியாத ஒருவனை வீட்டுக்குள் குடிவைத்திருக்கிறார். அவன் முதலில் கேட்பது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, அதைக் கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி அவனுக்கும் போகும், வாட்ஸ்அப் ஓடிபியும் போகும், ராஜி எண்ணிலிருந்து இது வந்ததும் அப்படித்தான் இருக்கும். 2024 நவம்பரிலேயே இமாச்சலப் பிரதேச போலீசார் இதே கல்யாணப் பத்திரிகை மோசடியைப் பற்றி எச்சரித்தார்கள், நான் அதை இங்கே போட்டேன், ஒருவரும் படிக்கவில்லை.

குமார்: சித்தப்பா நீங்கள் ஒரு நாளைக்கு இருபது போடுகிறீர்கள்

பாலு மாமா: ஐகானே காணோம். அப்படியென்றால் ஒன்றும் ஏறவில்லைதானே?

வித்யா: ஐகானை மறைத்துக்கொள்ளும் மாமா. வைஃபை, டேட்டா இரண்டையும் உடனே நிறுத்துங்கள். சிம்மைக் கழற்றி மீனா அத்தையின் பழைய பட்டன் போனில் போட்டு, வங்கிக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யுபிஐ எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள்.

மோகன் சித்தப்பா: ஒரு ரூபாய் போனாலும் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கக் கூடாது, பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும்.

பெரியப்பா: யாருக்குக் கல்யாணம்

குமார்: 🤦

திவ்யா: ராஜி அத்தைதான் பேசுகிறேன், திவ்யா போனிலிருந்து. என் வாட்ஸ்அப் காலையிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. நேற்று ராத்திரி வண்டிக்கு அபராதம் என்று ஒரு கோப்பு வந்தது, இவர் ஹெல்மெட் போடமாட்டாரே, உண்மையாக இருக்கும் என்று திறந்தேன்.

மோகன் சித்தப்பா: அபராதம் இருந்தால் அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்தாலே தெரியும். எந்தப் போலீசும் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்ப மாட்டார்.

சரோஜா பெரியம்மா: அப்படியானால் நீ இன்னும் அழைக்கவே இல்லை, அப்படித்தானே ராஜி

திவ்யா: அண்ணி நேரில்தான் வருவேன்

சரோஜா பெரியம்மா: எப்போது

குமார்: வித்யா, திறக்காமல் ஒரு கோப்பை எப்படிச் சோதிப்பது?

மோகன் சித்தப்பா: நான் சொல்கிறேன். வைரஸ்டோட்டல் என்று ஒரு தளம், 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இல் கூகுள் வாங்கியது. கோப்பை அதில் ஏற்றினால் 70 போல வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் சோதனையில் ஒரே நேரத்தில் ஓடும். லிங்க்கையும் சோதிக்கலாம், ஆனால் தட்டாமல், விரலை அழுத்திப் பிடித்து நகல் எடுத்து ஒட்டவேண்டும். எல்லாம் பச்சையாக வந்தால் தாராளமாகத் திறக்கலாம்.

வித்யா: கடைசி வரி மட்டும் தவறு சித்தப்பா. புதிதாகச் செய்த வைரஸ் என்றால் முதல் நாளில் ஒன்றுகூடச் சிவப்பு காட்டாமல் போகலாம். சிவப்பு வந்தால் தொடாதே என்று நம்பலாம், பச்சை வந்ததால் நல்லது என்று நம்பக்கூடாது. இந்தக் கோப்பை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன், நிறைய சிவப்பு.

குமார்: பெரியப்பா அனுப்பிய பாகப்பிரிவினை பிடிஎஃப்ஐயும் போட்டுப் பார்த்துவிடலாமா 😄

பெரியப்பா: அது பதிவான பத்திரம். நீங்கள் அதைத் திறக்கவே இல்லையா?

மீனா அத்தை: திறந்தோம். கிணறு யாருக்கு என்று அதில் இல்லை.

வித்யா: அதையெல்லாம் ஏற்றாதீர்கள். அங்கே போடும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் பணம் கட்டும் சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். ஆதார், பத்திரம், பாஸ்புக் எதுவும் வேண்டாம்.

மீனா அத்தை: மாமா கேட்கச் சொல்கிறார், போனை முழுதாக அழித்தால் பேரன் படங்கள் போய்விடுமா

வித்யா: நெட் போடாமல் கேபிளில் படங்களை மட்டும் கணினிக்கு எடுத்துவிட்டு அழிக்கலாம். ராஜி அத்தைக்கும் அதேதான், போன் சுத்தமான பிறகுதான் வாட்ஸ்அப்பை மீட்கவேண்டும். இடையில் அவன் பின் நம்பர் வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

மோகன் சித்தப்பா: அதுவரை ராஜியின் பழைய எண்ணைக் குழுவிலிருந்து நீக்குங்கள்.

குமார்: யார் நீக்குவது? அட்மின் ராஜி அத்தை மட்டும்தான்

மோகன் சித்தப்பா: அன்றைக்கே சொன்னேன், இரண்டு அட்மின் வேண்டும் என்று.

மீனா அத்தை: உங்களை அட்மின் ஆக்கச் சொன்னீர்கள்

குமார்: புதுக் குழு தொடங்குகிறேன். லிங்க் அனுப்புகிறேன், எல்லோரும் அதைத் தட்டுங்கள்

சரோஜா பெரியம்மா: நான் எந்த லிங்கையும் தட்டமாட்டேன்

பெரியப்பா: நானும்

வித்யா: 😂 சரி, நேரடியாகச் சேர்த்துவிடு குமார்

குமார்: தேனி வீட்டையும் சேர்க்கவா?

குமார்: யாராவது சொல்லுங்கள்

சரோஜா பெரியம்மா: கேஸ்காரர் வந்திருக்கிறார், அப்புறம் பேசுகிறேன்