மூணு கேம்ல இருந்து வர்ற கேரக்டர்களோட பவரை ஒரே ஆட்டத்துக்கு எப்படி மாத்துறது?

பகடை_அடையாறு:
வணக்கம் நண்பர்களே. பகடை உருட்டி விளையாடுற மூணு ரோல்பிளேயிங் கேம்ல இருந்து மூணு கேரக்டர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விஸார்ட், லெவல் 5. கர்ப்ஸ்ல கன்ஸ் (துப்பாக்கித் திறன்) 14 உள்ள போலீஸ்காரர். கால் ஆஃப் கதுல்ஹு ஏழாம் பதிப்பு பத்திரிகையாளர், ஸ்பாட் ஹிடன் (மறைஞ்சிருக்கறதைக் கண்டுபிடிக்கிற திறன்) 65. மூணு பேரும் வேளச்சேரி பறக்கும் ரயில்ல சந்திக்கிறாங்க. ஆட்டம் டி20 விதியில (20 பக்கப் பகடையை உருட்டி திறன் எண்ணைக் கூட்டணும்). யாரோட பலமும் குறையாம எண்களை மாத்த வழி சொல்லுங்க.

மயிலை_ஜிஎம்:
எண்ணுக்கு எண் போட்டா ஒத்துவராது ப்ரோ. அவங்கவங்க கேம்ல ஒரு சாதாரண வேலையை நூத்துக்கு எத்தனை தடவை முடிப்பாங்கன்னு முதல்ல எழுதிக்கங்க. கர்ப்ஸ்ல குறைவா விழுந்தாதான் ஜெயம்; மூணு பகடையும் சேர்ந்து 14 அல்லது அதுக்குக் கீழ விழ 90.7 சதவீதம் வாய்ப்பு. கதுல்ஹுல 65-ன்னா 65 சதவீதமேதான். சாதாரண வேலைக்கு டிசி (எட்ட வேண்டிய எண்) 12-ன்னு வைங்க: போலீஸ்காரருக்கு +9, 3 விழுந்தா போதும். பத்திரிகையாளருக்கு +4, 8 விழணும். விஸார்டுக்கு இன்டெலிஜென்ஸ் 18-ன்னா ஆர்க்கானா (மந்திர அறிவு) ஏற்கெனவே +7; அதைத் தொடாதீங்க.

பலரும் சறுக்குறது பெனால்ட்டியில. இருட்டுக்கு -4 வந்தா கர்ப்ஸ்ல 14 பத்தாகும், வாய்ப்பு சரியா 50 சதவீதம். அதே -4-ஐ டி20-ல கழிச்சா 70 சதவீதம் நிக்கும், இருட்டு பயமுறுத்தவே பயமுறுத்தாது. மூணு பகடையில நடுவுல ஒரு புள்ளி 12.5 சதவீதம், டி20-ல எப்பவும் 5 சதவீதம்தான். அதனால கர்ப்ஸ் பெனால்ட்டியை இரட்டிப்பாக்கி -8-ன்னு போடுங்க.

வேளச்சேரி_விஸார்ட்:
மேல சொன்ன கணக்கு சரி. ஆனா ஹிட் பாயின்ட்டை (ஹெச்பி, எவ்வளவு அடி தாங்குவார்ங்கிற எண்) மட்டும் பழைய ஷீட்ல இருந்து எடுக்காதீங்க. கதுல்ஹுல கான் (உடல் உறுதி), சைஸ் (உடல் அளவு) ரெண்டும் 60-ன்னா ஹெச்பி 12. கர்ப்ஸ்ல சராசரி ஆளுக்கு 10. விஸார்டோட ஃபயர்பால் மந்திரத்துக்கு டேமேஜ் 8டி6 (எட்டு ஆறுபக்கப் பகடை), சராசரி 28. சேவ் (தப்பிக்க உருட்டுறது) ஜெயிச்சாலும் பாதி, 14. ரெண்டு பேரும் முதல் ரவுண்டிலேயே விழுந்துடுவாங்க. ரெண்டு பேருக்கும் லெவல் 5, டி8 ஹிட் டை (ஹெச்பி கணக்கிடுற பகடை), கான் 14-ன்னு வச்சு 38 கொடுங்க.

இன்னொண்ணு, கேரக்டரோட பலம் ஷீட்ல மட்டும் இல்ல, அந்த கேமோட விதியிலயும் இருக்கு. கதுல்ஹுல தோத்த ரோலை புஷ் பண்ணலாம்: வேற எப்படி முயற்சி பண்றார்னு சொல்லி மறுபடி உருட்டணும், அதுவும் தோத்தா விளைவு மோசமா இருக்கும். சண்டையில கிடையாது. இதை பத்திரிகையாளருக்கு விட்டுவைங்க, இல்லன்னா வெறும் +4 ஆள் ஆயிடுவார். சானிட்டியும் (மனநிலை குலையுற விதி) அப்படியே வரட்டும். பலத்தைக் கொண்டுவந்து பலவீனத்தை விட்டுட்டா அது அந்த ஆளே இல்ல.

பகடை_அடையாறு:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ரயில் பெட்டிக்குள்ள ஃபயர்பால் போட்டா என்ன பண்றது?

வேளச்சேரி_விஸார்ட்:
20 அடி ஆரம், அதாவது குறுக்களவு 40 அடி. பாதிப் பெட்டிக்கு மேல சிக்கும், கூட்டாளிகளும் சேவ் போடணும். 2014 விதிப்படி எவொக்கேஷன் விஸார்டா இருந்தா ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ்ங்கிற திறன்ல நாலு பேரைக் காப்பாத்தலாம். அவங்களுக்கு டேமேஜே இல்ல. ரெண்டு கூட்டாளி போக மிச்சம் ரெண்டு இடம். பெட்டியில எத்தனை பயணிகள் இருக்காங்கன்னு அவர் உருட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.