புதுப்பிப்பு: துனிஸ் பயணம் முடிவாகிவிட்டது

துனிசியாவின் தலைநகர் துனிஸுக்கு மூன்று நாள் போதுமா, எங்கே தங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக்கிவிட்டேன். தங்குவது மதினா என்கிற பழைய நகரத்துக்குள்ளேயே, ஸைத்தூனா பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில். 1979-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், காலையில் கடை திறக்கும் முன் அந்தச் சந்துகளில் நடக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. பழங்கால நகரத்தின் இடிபாடுகள் இருக்கும் கார்தேஜுக்கு டாக்சி வேண்டாம், டிஜிஎம் என்கிற புறநகர் ரயிலே போதும் என்றீர்கள். சரி, அதில்தான் போகிறேன், அப்புறம் சாயங்காலம் அதே ரயிலில் சிதி பூ சயீத் என்ற ஊருக்கு, அங்கே நீலக் கதவுகளைப் பார்க்க. பார்தோ அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள், மடியில் சுருளோடு இரண்டு கலைத் தேவதைகளுக்கு நடுவே ரோமானியக் கவிஞர் வெர்ஜில் உட்கார்ந்திருக்கும் மொசைக் ஓவியத்துக்காகவே. துனிசியப் பணமான தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, அதனால் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றப்போகிறேன்.