கனேடியக் குடியுரிமையுடன் வன்னியில் காணி வாங்குதல்: அனுமதிப்பத்திரக் காணியை அற்றோணி எழுதி வாங்கலாமா?

முள்ளியவளைப் பேத்தி:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் முள்ளியவளையைச் சேர்ந்தவர்கள். நான் கனேடியக் குடியுரிமை பெற்றவள். இலங்கைக் குடியுரிமையை இன்னும் மீளப் பெறவில்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் செல்லும் வீதியை அண்டி இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி விற்பனைக்கு இருக்கிறது. அயலில் கேட்கப்படும் விலையில் ஏறத்தாழப் பாதிதான் கேட்கிறார்கள். விற்பவரிடம் காணியின் உரிமைப் பத்திரமான உறுதி இல்லை. காலஞ்சென்ற தந்தையாரின் பெயரில் உள்ள காணி அனுமதிப்பத்திரம் மட்டுமே இருக்கிறது. உடன்படிக்கையும் அற்றோணித் தத்துவமும் (தன் சார்பில் செயற்பட எனக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தருவதாகச் சொல்கிறார். ஆடி மாதம் ஊருக்கு வரும்போது நான் எவற்றை விசாரிக்க வேண்டும்?

வவுனியா வாசகர்:

தங்கைக்கு வணக்கம். முற்பணமாக ஒரு ரூபாயும் கொடுத்துவிடாதீர்கள்.

வன்னியில் பெருமளவு காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அக்காணியில் குடியிருக்கலாம், பயிரிடலாம். ஆனால் அது அரச காணியாகவே இருப்பதால், உரிய எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்றினால் அக்கைமாற்றம் செல்லாது. அளிப்புப் பத்திரம் (அரசு காணியை வழங்கும் பத்திரம்) பெற்ற காணிக்கும் பிரதேச செயலாளரின் ஒப்புதல் வேண்டும். இதை மீறும் உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவதையே அச்சட்டம் தடுக்கிறது. அதனால்தான் உறுதிக்குப் பதிலாக உடன்படிக்கை, அற்றோணி என்று சுற்றுவழி தேடுகிறார்கள். அற்றோணித் தத்துவம் உரிமையை மாற்றுவதில்லை. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிந்துவிடும். உங்கள் விடயத்தில் தந்தையார் காலமாகிவிட்டதால், பின்னுரித்தாளராக (அவருக்குப் பின் காணியைப் பெறுபவராக) யார் பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதும் தெரியாது. விற்கிறேன் என்பவர் ஒருவர், பின்னுரித்தாளர் வேறொருவர் என்ற நிலையில் பல குடும்பங்கள் இன்றும் வழக்காடிக்கொண்டிருப்பது மிகுந்த வேதனைக்குரியது. அனுமதிப்பத்திர இலக்கத்துடன் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று காணிப் பேரேட்டைப் பார்க்கும்படி விற்பவரிடமே சொல்லுங்கள். மறுத்தால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

உறுதிக்காணி கிடைத்தால், காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குத் தேடுதல் செய்து வில்லங்கம் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். பங்குக் காணியாயின், வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி ஏனைய பங்காளிகளுக்கு விற்பனை பற்றி அறிவித்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு முன்வாங்கும் உரிமையைத் தருகிறது. முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். இருபது இலட்சம் பெறுமதியான காணிக்கு 79,000 ரூபாய் ஆகும்.

இலண்டன் தமிழர்:

அண்ணன் சொன்னதற்கு மேல் இன்னொரு தடையும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மட்டுப்பாடுகள் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. அடுக்குமாடித் தொடரில் உள்ள வீட்டுக்கு விலக்கு இருக்கிறது. 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கும் எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை. ஆகையால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டிலிருந்து முதலீட்டுப் பணம் கொண்டுவருவதற்கான கணக்கு) ஊடாக வங்கி வழியே அனுப்பினால், பின்னர் விற்கும்போது அதை வெளியே எடுத்துச் செல்வது எளிது. உறவினர் கையில் காசாகக் கொடுத்தால் அதற்கு எந்தச் சான்றும் இராது.

ஒட்டுசுட்டான் கமக்காரன்:

பத்திரம் சரியாக இருந்தாலும் நிலத்தை நேரில் பார்க்க வேண்டும், பிள்ளை. ஆடியில் வந்தால் கோடையில் கிணற்றில் நீர் நிற்கிறதா என்று தெரியும்; நீரைச் சுவைத்துப் பாருங்கள், பரிசோதனைக்கும் கொடுங்கள். ஆனால் வெள்ளம் எங்கே நிற்கும் என்பது ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் தெரியவரும். 2018 டிசம்பரில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளத்தில் மூழ்கியதை நாங்கள் மறக்கவில்லை. குளத்தின் ஒதுக்கீட்டு எல்லைக்குள் காணி வருகிறதா என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்களையும் கவனியுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் காடு மண்டிய எத்தனையோ தோட்டக்காணிகள் இன்று காடென்று சொல்லப்படுகின்றன. எங்கள் மூத்தவர்கள் நட்ட மாவும் பலாவும் அவற்றுள் நிற்கின்றன. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து பாருங்கள். கண்ணிவெடி அகற்றிய பதிவையும் மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள்.

முள்ளியவளைப் பேத்தி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வவுனியாவில் இலங்கைக் குடியுரிமையுடன் வாழும் என் தம்பி பெயரில் உறுதிக்காணி ஒன்றை இப்போதே வாங்கி வைக்கலாமா?

வவுனியா வாசகர்:

வாங்கலாம், ஆனால் சட்டத்தின் முன் அது தம்பியின் காணி. அவர் மணமானவராயின், மண வாழ்க்கையின்போது விலை கொடுத்து வாங்கியது தேசவழமையில் தேடியதேட்டமாகக் கருதப்பட்டு, மனைவிக்கும் அதில் உரிமை எழலாம். குடும்பத்தில் அனைவரும் இதை அறிந்து ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். அவசரமில்லையாயின், இரட்டைக் குடியுரிமை கிடைத்த பின் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.