அரபு நாட்டுப் புரட்சி, கலவரக் காலத்துல அங்க இருந்தவங்க, இன்னும் மனசைக் குடையற ஒரு சம்பவம் சொல்லுங்க

மனாமா மணி:
திரியை ஆரம்பிச்சவன் நான், முதல்ல நானே சொல்லிடறேன். பஹ்ரைன், 2011. லூலு ரவுண்டானா (நடுவுல முத்துச் சின்னம் நின்ன இடம், அரசை எதிர்த்தவங்க கூடின இடம்) கதை எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல. மார்ச் 14 போராட்டத்தை அடக்க அரசுக்குத் துணையா சவூதிப் படை பாலம் தாண்டி வந்தது. 18ஆம் தேதி அந்த முத்துச் சின்னத்தையே இடிச்சுத் தள்ளினாங்க. கூடவே 500 ஃபில்ஸ் (அரை தினார்) காசும் காணாமப் போச்சு, அதுல அந்தச் சின்னம் அச்சடிச்சிருந்தது.

எங்க ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் உள்ளூர்க்காரர், சித்ரா தீவுப் பக்கம் வீடு. ஆறு வருஷப் பழக்கம். ஏப்ரல்ல ஒருநாள் ஸ்டோர் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினார். அரை தினார் நோட்டை நீட்டி, "லூலு காசு இருந்தா குடு, என் பையன் கேக்கறான்"னார். என் பேன்ட் பாக்கெட்ல ரெண்டு கிடந்தது. அதை விரலால தடவிக்கிட்டே "இல்ல"ன்னுட்டேன். தெருவுக்குத் தெரு செக்பாயின்ட் இருந்த நேரம், காசு யார் குடுத்ததுன்னு கேட்டா என் பேர் வருமோன்னு பயம். அவர் என் கையையே பார்த்துட்டு நோட்டை மடிச்சு வச்சுக்கிட்டார். அடுத்த வாரம் வேலைக்கு வரல. அந்த வருஷம் ஸ்டிரைக் நாள்ல வரலைன்னு ஆயிரக்கணக்கான பேரை எடுத்தாங்களே, அதுல அவரும் ஒருத்தர்.

காசு ரெண்டும் இப்ப பீரோவுல இருக்கு.

திரிப்போலி ரிட்டர்ன்:
லிபியா. 2011 பிப்ரவரி 22, கடாஃபி டிவியில "ஸெங்கா ஸெங்கா"ன்னு சந்து சந்தா தேடுவேன்னு கத்தினாரே, அதுக்கு அஞ்சாறு நாள் கழிச்சு. கேம்ப்ல இருந்து ஏர்போர்ட் போற வழியில பஸ்ஸை நிறுத்தினாங்க. ஏறினவனுக்கு இருபது வயசுகூட இருக்காது, மீசை சரியா முளைக்கல. கையில ஒரு நிடோ பால் டின். போனை வாங்குவான், சிம்மையும் மெமரி கார்டையும் உருவி டின்ல போடுவான், போனைத் திருப்பிக் குடுத்துடுவான். வீடியோ வெளிய போயிடக் கூடாதாம்.

என் கார்டுல மக காதுகுத்து வீடியோ இருந்தது. லீவு கிடைக்காம நான் போகாத காதுகுத்து. போன்ல காட்டி "பிந்தி, பிந்தி" (என் மக)ன்னேன். நின்னு பார்த்தான். மொட்டையடிச்ச பிள்ளை கத்தறதைப் பார்த்துச் சிரிச்சான். முழுசும் பார்த்து முடிச்சுட்டுக் கார்டை உருவி டின்ல போட்டான். நூத்துக்கணக்குல கிடந்திருக்கும் உள்ள, விழுந்தப்போ சத்தமே வரல.

கடலோடி:
மணி, நீங்க ஒரு பக்கம் மட்டும் சொல்றீங்க. நானும் அப்ப மனாமாலதான். அந்த மார்ச்ல போராட்டப் பக்கத்துல சிலர் நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களையும் அடிச்சாங்க, முக்கியமா பாகிஸ்தான்காரங்களை. செத்தவங்களும் உண்டு. அந்தக் கலவரத்தை விசாரிச்ச பஸ்ஸியூனி கமிஷன் அறிக்கையிலயே இருக்கு. எங்க ரூமுக்குக் கீழ் ரூம் ஆளுங்க மூணு நாள் லைட்டு போடாம இருந்தாங்க, நான் மாடியில இருந்து கயித்துல குபூஸ் ரொட்டி இறக்கினேன்.

அந்தச் சின்னத்தை இடிச்சப்போ அது சரிஞ்சு நசுக்கினதுல செத்த கிரேன் ஆபரேட்டரும் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிதான். முத்துக்கு அழறவங்க அவருக்கு அழுது நான் பார்க்கல.

மனாமா மணி:
நான் யார் பக்கமும் பேசலைங்க. காசைக் குடுக்கல, அவ்வளவுதான் சொன்னேன்.

மாடித்தோட்டம் சுதா:
கெய்ரோ, மாதி ஏரியா. 2011 ஜனவரி 28 ராத்திரி போலீஸ் மொத்தமா மாயமாயிடுச்சு, நெட்டும் இல்ல, போனும் இல்ல. தெருப் பசங்களே காவலுக்கு இறங்கினாங்க, லிகான் ஷஅபிய்யா (மக்கள் குழு)ன்னு பேரு. எங்க பவ்வாப் (வாட்ச்மேன்தான், ஆனா மாடிப்படிக்கடியிலயே குடும்பத்தோட இருப்பார்) ஒவ்வொரு வீடாத் தட்டி, இரும்புல எது இருந்தாலும் குடுங்கன்னார். ஒருத்தர் கோல்ஃப் மட்டை குடுத்தார். எங்க வீட்ல என்ன இருக்கு? அரிவாள்மனையைக் குடுத்தேன். பெரியவர் அதைத் தலைகீழாப் பிடிச்சு "ஏ தா?" (இது என்ன?)ன்னு கேட்டார். நான் தரையில உட்கார்ந்து ஒரு வெங்காயம் நறுக்கிக் காட்டினேன். அத்தனை கலவரத்துக்கு நடுவுல அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

பிப்ரவரி 11 சாயங்காலம் முபாரக் போயாச்சுன்னதும் தெரு முழுக்கக் குலவை. நம்ம ஊர்க் குலவை மாதிரியே, இன்னும் கொஞ்சம் கூர்மையா இருக்கும். பவ்வாப் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையும் போடச் சொன்னாங்க, போட்டேன்.

குடையறது இதில்ல. 2013 ஆகஸ்ட், பதவியிழந்த மோர்ஸியோட ஆதரவாளர்கள் அத்தனை பேரை ராபியா சதுக்கத்துல சுட்டுக் கொன்ன மறுநாள். அதே பெரியவர் ரொட்டி வாங்கிட்டு வந்தார், அஞ்சு பியாஸ்டர் ரேஷன் ரொட்டி. நான் ஏதோ கேக்க வாயெடுத்தேன். "ஐஷ்... ஹுர்ரிய்யா..." ரொட்டி, விடுதலைன்னு பழைய கோஷத்தை மெதுவாச் சொல்லிட்டு, கையில இருந்த ரொட்டியை உயர்த்திக் காட்டினார். "முதலாவது இருக்கு." படியிறங்கிப் போயிட்டார். கிண்டலா, நிஜமாவேவான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

ஏடன் முதல் ஜிபூட்டி வரை:
ஏமன், 2015. ஏடன்ல இருந்து ஐஎன்எஸ் சுமித்ராவுல வந்தேன். ராத்திரி சின்னப் படகுல போய் ஏறணும், கப்பல்ல குடுத்த டீ மறக்காது.

இப்ப வளைகுடாவுல இருக்கறவங்க கவனிங்க. பாஸ்போர்ட், இக்காமா (அங்க தங்கறதுக்கான அட்டை) ரெண்டையும் போட்டோ எடுத்து ஊர்ல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க, உங்க போன்ல மட்டும் வச்சா திரிப்போலி அண்ணன் கதிதான். பாஸ்போர்ட் கம்பெனி லாக்கர்ல இருக்குன்னு அசால்டா இருக்காதீங்க, பிரச்சினை வந்தா முதல்ல ஓடறது சாவி வச்சிருக்கற மேனேஜர். எம்பஸியில பேரைப் பதிஞ்சு வைங்க. கொஞ்சம் டாலர் நோட்டாவே இருக்கட்டும், பேங்க் மூடிட்டா கார்டு வெறும் பிளாஸ்டிக். பாஸ்போர்ட் இல்லேன்னா எமர்ஜென்ஸி சர்ட்டிஃபிகேட்னு ஒண்ணு தருவாங்க, அதுல ஊர் வரலாம். வெளியேறவே எக்ஸிட் விசா தேவைப்படற நாடான்னு இப்பவே பார்த்துக்கங்க. கழுத்துல தங்கம் போட்டுட்டுச் செக்பாயின்ட்ல நிக்காதீங்க. உள்ளூர் அரசியல் பதிவுக்கு ஒரு லைக் கூடப் போடாதீங்க. ஒரு பை எப்பவும் தயாரா, அதுல மாத்திரை, சார்ஜர், பேரீச்சம்பழம். மணி அண்ணே, அந்தக் காசுக்கு நல்ல விலை கிடைக்கும், காயின் குரூப் லிங்க் வேணுமா?

மனாமா மணி:
வேண்டாம் தம்பி.

பரமக்குடி டிரைவர்:
நம்மளது சண்டை இல்ல, மாற்றம்னு சொல்லலாம். ரியாத்ல ஹவுஸ் டிரைவர். மேடத்தோட மூத்த பொண்ணை ஏழு வருஷம் ஸ்கூல், காலேஜ்னு ஓட்டிட்டுப் போனேன். பின் சீட்டுல உட்காரும், கண்ணாடியில கண்ணு மட்டும் தெரியும். 2018 ஜூன்ல பொம்பளைங்க ஓட்டலாம்னு ஆச்சு. லைசென்ஸ் வாங்கின அன்னிக்குச் சாவியை என்கிட்ட இருந்து வாங்கி, "நீ பக்கத்துல உட்காரு"ன்னுச்சு. அந்த வண்டியில வலது பக்கம் நான் உட்கார்ந்ததே இல்ல, பெல்ட்டை எங்க மாட்டறதுன்னே தெரியல. சிக்னல்ல என் கால் தானா பிரேக்கை மிதிக்குது, அங்க பிரேக் இல்ல, கால்மிதிதான். அது பார்த்துட்டு, "பயமா?"ன்னு கேட்டுச்சு. நல்லாத்தான் ஓட்டுச்சு, என்னைவிடப் பொறுமையா.

நாலு மாசத்துல கஃபீல் (விசா குடுத்த முதலாளி) எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிட்டார். கோபப்படவும் தோணல, சந்தோஷப்படவும் தோணல.

மாடித்தோட்டம் சுதா:
அண்ணா, தடையை எடுக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அதுக்காகப் போராடின பெண்களையே பிடிச்சு உள்ள போட்டாங்க, லுஜைன் அல் ஹத்லூல் உட்பட. 1990லயே 47 பேர் ரியாத்ல வண்டி ஓட்டி வேலை இழந்திருக்காங்க, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கிட்டாங்க. ராஜா மனசு வச்சுக் குடுத்தார்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

பரமக்குடி டிரைவர்:
அது தெரியாதும்மா. அந்தப் பொண்ணும் வண்டியில அதைப் பத்திப் பேசினதில்ல. இல்ல, எனக்குப் புரியற மாதிரிப் பேசினதில்லையோ என்னவோ.

கடலோடி:
சுதா மேடம், அரிவாள்மனை திரும்பி வந்ததா?

மாடித்தோட்டம் சுதா:
வந்தது. அல் அஹ்ராம் பேப்பர்ல சுத்திக் கொண்டுவந்து குடுத்தார். தேங்காய் துருவற நுனி மட்டும் வளைஞ்சிருந்தது. எப்படி வளைஞ்சதுன்னு நான் கேக்கல.