‘உடான்’ படத்தின் தந்தையை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

கேள்வி:
விக்ரமாதித்ய மோட்வானே இயக்கி 2010இல் வெளிவந்த ‘உடான்’ என்ற இந்திப் படத்தை நேற்றிரவு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். சிம்லா விடுதிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஹன் என்ற 17 வயதுப் பையன், எட்டு ஆண்டுகளாகத் தன்னை வந்து பார்க்காத தந்தையின் வீட்டுக்கு, ஜாம்ஷெட்பூருக்குத் திரும்புகிறான். அங்கே ஆறு வயதில் தனக்கொரு தம்பி இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிய வருகிறது. தந்தையை ‘சார்’ என்றுதான் அழைக்க வேண்டும்; எழுத்தாளனாகும் ஆசையை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்க வேண்டும்; மீதி நேரத்தில் அவருடைய ஆலையில் வேலை செய்ய வேண்டும். பெற்றவர் கடைசியில் கண்கலங்கி மகனை அணைத்துக்கொள்ளும் காட்சிக்குப் பழகிப்போன எனக்கு, இவர் இறுதிவரை மாறாததே பெரும் வியப்பாக இருந்தது. ஆனாலும் அவரை வெறும் கொடியவராகவே காட்டிவிட்டார்களோ என்ற ஐயம் தீரவில்லை.

மறுமொழி 1:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோனித் ராய் அந்த மனிதரை, தான் செய்வதே சரியான வளர்ப்பு என்று மனமார நம்புபவராக நடித்திருக்கிறார். அச்சமூட்டுவது அந்த நம்பிக்கைதான். 18 வயது நிறைந்ததும் மகனிடம் அவர் கொடுக்கும் பரம்பரைக் கைக்கடிகாரத்தைக் கவனியுங்கள். அதை மகன் விட்டுச் செல்வதில் கடிகாரத்தோடு அந்த வளர்ப்பு முறையும் மறுக்கப்படுகிறது. என் தந்தையும் விடியற்காலையில் எழுப்பி ஓட வைத்தவர் என்பதால், தந்தையும் மகனும் ஓடும் காட்சிகளை என்னால் அமைதியாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. இறுதி ஓட்டத்தில் அவரால் மகனை எட்டிப் பிடிக்க முடியாமல் போனபோது அழுதுவிட்டேன்.

மறுமொழி 2:
தந்தையைப் பற்றியே பேசித் தம்பி அர்ஜுனை மறந்துவிடுகிறோம். தந்தை பெல்ட்டால் அடித்ததில் அவன் மருத்துவமனையில் கிடக்கும் நாட்களில், ரோஹன் அவனுக்குக் கதை சொல்லத் தொடங்க, மற்ற நோயாளிகளும் மெல்ல வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். அவன் எழுத்தாளன்தான் என்பதை எந்த விருதும் பாராட்டும் இல்லாமல் அந்த ஒரு காட்சி நிறுவிவிடுகிறது. ஒரே குறை, சித்தப்பா ஜிம்மி மீது படம் சற்று அதிகக் கருணை காட்டுகிறது. அண்ணனின் கொடுமையை அறிந்தும் அவர் பெரும்பாலும் ஆறுதல் சொல்பவராகவே நின்றுவிடுகிறார்.

கேள்வி கேட்டவர்:
கடிகாரத்தை நான் இப்படி யோசித்துப் பார்க்கவில்லை, மிக்க நன்றி. ரோஹன் தனியாகத் தப்பிப் போயிருந்தால் இதுவும் வழக்கமான படமாகியிருக்கும். ஒரு சிறுவனைப் பொறுப்பேற்றுக் கைபிடித்து அழைத்துப் போகிறானே, அவன் பெரியவனாவது அந்த இடத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.