வேக்சினுக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?

நண்பர்களே, வணக்கம். பள்ளிச் சுவரிதழுக்காக ‘வேக்சின்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன், உங்கள் உதவி வேண்டும்.

சொல்லின் பிறப்பு தெளிவாகவே இருக்கிறது. லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. 1796 மே மாதம் ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து எட்டு வயதுப் பையனுக்கு ஏற்றினார், பிறகு பெரியம்மைச் சீழையே செலுத்திப் பார்த்தும் அவனுக்கு நோய் வரவில்லை (பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்!). அப்புறம் 1881இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், ஜென்னரைக் கௌரவிக்கும் விதமாக, மாட்டோடு சம்பந்தமே இல்லாத மற்ற நோய்களுக்கான மருந்துக்கும் ‘வேக்சின்’ என்ற இதே பெயரை வைக்கலாம் என்றார்.

சிக்கல் தமிழில்தான். தடுப்பூசி என்கிறோம், சரி, ஆனால் போலியோவுக்கு வாயில் சொட்டு விடுகிறோமே, அங்கே ஊசி எங்கே? தடுப்பு மருந்து என்று எழுதினால் மலேரியா வராமலிருக்க விழுங்கும் மாத்திரையும் அதில் சேர்ந்துவிடும். ஊசி, சொட்டு இரண்டுக்கும் பொருந்தி, பிள்ளைகளுக்கும் சட்டென்று புரிகிற ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. வயதானவர்கள் ‘அம்மை குத்துவது’ என்பார்கள், பலர் கையில் அந்தத் தழும்பும் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு ஏதாவது சொல் வைத்திருந்தார்களா? இலங்கை, மலேசிய நண்பர்களும் கட்டாயம் எழுதுங்கள். பழைய நோட்டீஸ், பாடப்புத்தகம் ஏதாவது கிடைத்தால் படம் எடுத்துப் போடுங்கள், ஊர்ப் பெயரோடு.