கூரை ஒழுகுது, வெளி ஊழியக் காணிக்கைய நிறுத்தலாமான்னு சபைக் கூட்டம் வருது, உங்க கருத்து வேணும்

மலையடிவாரம் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரங்க. நாமக்கல் மாவட்டத்துல கொல்லிமலை அடிவாரத்துல எங்களுது ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை. ஞானஸ்நானம் எடுத்து அங்கத்தினரா இருக்கறவங்க அறுபது பேருக்குள்ளதான். பாதிப்பேரு கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, லாரி பாடி கட்டுற பட்டறைன்னு வாரக்கூலிக்குப் போறவங்க, மரவள்ளி போட்டிருக்கற ரெண்டு மூணு குடும்பம், ஒரு டீச்சரம்மா. பாஸ்டர் சம்பளமும் கரண்ட் பில்லும் போனா கையில பெருசா ஒண்ணும் நிக்காது.

எங்க சபையில ரொம்ப வருஷமா ஒரு வழக்கம் இருக்குதுங்க. மாசத்துல முதல் ஞாயிறு, அதாவது அப்பம் பிட்கற ஞாயிறு, அன்னைக்கு வர்ற காணிக்கை மொத்தமும் வெளிய குடுக்கறதுக்குத்தான், ஒரு ரூபா கூட சபைச் செலவுக்கு எடுக்கறதில்ல. மலை மேல ஊழியம் செய்யற ஒருத்தருக்குப் பாதி போயிரும், மீதிய வெச்சிருந்து புயல் வெள்ளம்னு எங்கயாச்சும் கஷ்டம்னா அனுப்புவோம். இப்ப போன மழைக்கு கூரை ஷீட்டு விரிசல் விட்டு மேடை மேலயே தண்ணி சொட்டுதுங்க. எங்களுக்கு ஞானஸ்நானத் தொட்டி மேடைக்குக் கீழதான், பலகைய எடுத்துட்டுத்தான் இறங்கணும், அந்தப் பலகையெல்லாம் தண்ணி குடிச்சு உப்பிப் போய் ஒண்ணோட ஒண்ணு இறுகிக் கெடக்குது, நாலு பையன்க சேந்து கடப்பாறை போட்டாத்தான் வருது.

சபை நிர்வாகத்தப் பாக்கற டீக்கன்மார்ல ரெண்டு பேரு சொல்றாங்க, ரெண்டு வருஷத்துக்கு முதல் ஞாயிறு காணிக்கையையும் கூரைக்கே எடுத்துக்கலாம், நம்ம வீடே ஒழுகறப்ப ஊருக்கு என்னத்தக் குடுக்கறதுன்னு. வாலிபர்க ஒத்துக்கல. அதோட அவங்க இன்னொண்ணும் கேக்கறாங்க, பக்கத்துல ஒரு ஆலையில ஒடிசாப் பசங்க வேலை செய்யறாங்க, அவங்களுக்கு ரெண்டு மாசமா கூலி சரியா குடுக்கல, சபை அதுல ஏதாச்சும் செய்யணும்னு. பெரியவங்க "கூலித் தகராறுக்கெல்லாம் சபை போகக்கூடாது"ங்கறாங்க. பாஸ்டர் எந்தப் பக்கமும் பேசல, சபைதான் முடிவு பண்ணணும்னுட்டாரு. அடுத்த மாசம் ஓட்டெடுப்பு. சபைக் கணக்கு எழுதறது நாந்தான், அதனால எங்கிட்ட எல்லாரும் கேக்கறாங்க. நம்ம பாப்டிஸ்ட் வழியில இதுக்கெல்லாம் முன்னாடி எப்படி நடந்திருக்காங்கன்னு தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்குங்க.

பழைய பெஞ்சு எழுதியது:

தம்பி, நீங்க இருக்கற எடத்தையே எடுத்துக்கோங்க. அந்த மலைக்கு முதல்ல ஏறிப் போன ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் ரெண்டு பேரையும் அனுப்பி வச்சது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன், 1861ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. அதுக்குப் பின்னால இருந்தது பெரிய கதீட்ரல் கிடையாது, உங்க சபை மாதிரி சின்னச் சின்ன சாப்பல், அதாவது ஜெபவீடுகள்தான். 1913ல கல்யாணம் முடிஞ்ச கையோட மலைக்குப் போனாங்க, அடுத்த வருஷம் பையன் பிறந்தான், அவர்தான் பின்னால வேலூர் சிஎம்சில குஷ்டரோகிகளோட கைக்கு ஆபரேஷன் பண்ணி உலகம் பூரா பேர் வாங்கின டாக்டர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி மலையில பிரசங்கம் மட்டும் பண்ணல, நரம்புச் சிலந்திப் புழுவ கால்ல இருந்து குச்சியில சுத்திச் சுத்தி மெதுவா இழுத்து எடுக்கறது, தண்ணியில கால் வைக்காம இறைக்கற மாதிரி கிணறு கட்டச் சொல்றது, தச்சு வேலை கத்துக் குடுக்கறது இதெல்லாம் சேர்த்துத்தான் ஊழியம். அத்தனை பண்ணியும் முதல் சில வருஷம் ஒருத்தர் கூட விசுவாசத்துக்கு வரல. முதல் உலகப்போர் முடியற சமயம் விஷக்காய்ச்சல் வந்தப்ப, அதுவரைக்கும் இவங்கள எதிர்த்துட்டிருந்த பூசாரியே சாகும்போது தன் பெண் குழந்தைய இவங்க கையில குடுத்துட்டுப் போனார், அதுக்கப்புறம்தான் ஜனங்க மனசு திரும்புச்சு. பலன் ஒண்ணும் தெரியாத அந்த வருஷங்கள்ல இங்கிலாந்துல அந்த சாப்பல்கள்ல உக்காந்திருந்த யாராவது "நம்ம கூரையப் பாப்போம்"னு எழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஜெஸ்ஸி 1929ல காய்ச்சல்ல போய்ட்டார், எவ்லின் அம்மா நிக்கல. வயசாயிடுச்சு, இனி உங்கள வச்சுக்க முடியாதுன்னு மிஷன் சொன்ன பிறகும் தானா மலைக்குத் திரும்பிப் போய் மட்டக்குதிரை மேல ஊர் ஊரா சுத்தினாங்க, 1974ல சாகும்போது தொண்ணூத்தஞ்சு வயசு.

இன்னும் பின்னால போனா வில்லியம் கேரி. செருப்பு தைச்சுக்கிட்டே சின்ன சபைக்குப் போதகரா இருந்தவர். 1792 அக்டோபர் 2ம் தேதி கெட்டரிங்ல ஒரு விதவையம்மா வீட்டுப் பின்கட்டு ரூம்ல கிராமத்துப் போதகர்மார் பத்துப் பன்னெண்டு பேர் கூடி மிஷன் ஆரம்பிச்சாங்க, அன்னைக்கு எழுதிக் குடுத்த தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ், அந்தச் சீட்டுகள ஒரு மூக்குப்பொடி டப்பாவுல போட்டு வச்சாங்க. அடுத்த வருஷம் கேரி வங்காளத்துல இறங்கறார், முதல் ஞானஸ்நானம் நடக்க 1800 டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. வசதி வந்தப்புறம் குடுப்போம்னு யாரும் நினைக்கல தம்பி. நிறுத்தாதீங்க.

கணக்கும்_காணிக்கையும் எழுதியது:

ஐயா சொன்ன சரித்திரத்து மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா டீக்கன்மார் சொல்றதையும் யாராவது எடுத்துப் பேசணும். நானும் இன்னொரு ஊர்ல ஒரு பாப்டிஸ்ட் சபையோட பொருளாளர்தான். மேடை மேல தண்ணி சொட்டுதுன்னா மைக் ஒயரும் ஸ்விட்ச் போர்டும் அந்தப் பக்கம்தானே இருக்கும், அடியில தொட்டி வேற. ஈரத்துல கரண்ட் இறங்கி ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எந்த மிஷன் காணிக்கையும் அதுக்கு ஈடாகாது. கூரைய மாத்தறதும் ஜனங்கள நேசிக்கற காரியம்தான், அத மாம்சீகம் உலகம்னு வாலிபர்கள் பேச ஆரம்பிச்சா வீண் சண்டை வரும்.

உடனே செய்ய வேண்டியது, மேடைப் பக்கத்து லைன மெயின்ல இருந்து கழட்டி வச்சிட்டு மேல தார்ப்பாய் போட்டுக் கட்டுங்க. பழைய ஷீட் ஆஸ்பெஸ்டாஸா இருந்தா நீங்களே பையன்கள ஏத்தி சுத்தியல்ல உடைக்க விடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா பல வருஷம் கழிச்சு வேலையக் காட்டும், தண்ணி அடிச்சு நனைச்சு முழுசா இறக்கத் தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க. கலர் ஷீட்டுக்கு ரெண்டு மூணு பேர்கிட்ட விலை எழுதி வாங்கி கூட்டத்துல வாசிங்க. கூரைக்கு எவ்வளவு ஆகும்னு யாருக்கும் தெரியாமயே உங்க சபையில இந்த வாக்குவாதம் ஓடிட்டிருக்குன்னு நினைக்கறேன், பதிவுல ஒரு தொகை கூட இல்லையே. தொகை முன்னால வந்தா பாதி சண்டை தானா அடங்கிடும்.

ஆனா ஒண்ணு, நிறுத்தறதுக்கு நானும் ஓட்டுப் போட மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு சபையில இதே மாதிரி காம்பவுண்டு சுவருக்காக "தற்காலிகமா" நிறுத்தினாங்க, சுவர் முடிஞ்சு டைல்ஸ் வந்துச்சு, டைல்ஸ் முடிஞ்சு சவுண்டு சிஸ்டம் வந்துச்சு, மிஷன் காணிக்கை திரும்ப வரவே இல்ல. கூரைக்குன்னு தனி நிதி, தனி ரசீது புக்கு போடுங்க. முதல் ஞாயிற தொடாதீங்க.

பிடியரிசி எழுதியது:

நான் நெல்லைப் பக்கம், சிஎஸ்ஐ குடும்பத்துல இருந்து பாப்டிஸ்ட் வீட்டுக்கு மருமகளா வந்தவ. எங்க ஆச்சி உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போட்டுருவாவ, மாசக் கடைசியில அது ஆலயத்துக்குப் போகும், அத ஏலம் விட்டு வர்ற துட்டு ஊழியத்துக்கு. வீட்டுல அரிசி கம்மியா இருக்குற நாள்லயும் அந்தப் பிடிய விட மாட்டாவ.

மிசோரம்ல இது இன்னைக்கும் பெரிய அளவுல நடக்கு. தெற்கு மிசோரம்ல 1903ல லாரேன், சாவிட்ஜ்னு ரெண்டு பாப்டிஸ்ட் மிஷனரிங்க வேலைய ஆரம்பிச்சாங்க, இப்ப அங்க மிசோரம் பாப்டிஸ்ட் சபை சொந்தக் காசுல எத்தனையோ ஊழியக்காரங்கள வெளிய அனுப்புது, அதுல பெண்கள் எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசிக்கும் பங்கு இருக்கு. மலையில புனம் விவசாயம் பண்ணிப் பிழைச்ச ஜனங்க ஆரம்பிச்ச பழக்கம் அது. உங்க சபையில பெண்கள் ஐக்கியம் இருக்கும்லா, அவங்ககிட்ட இந்த யோசனைய வைங்க தம்பி. டீக்கன்மார் கூட்டத்துல இந்த மாதிரி விஷயம் தீராது, பெண்கள் கையில குடுத்தா கூரையும் வரும் மிஷனும் நடக்கும். சபைக் கூட்டத்துல அவங்களையும் எந்திரிச்சுப் பேச விடுங்க, ஞானஸ்நானம் எடுத்து அங்கத்தினரான எல்லாருக்கும் ஒரே ஓட்டுத்தானே, பல சபையில கையத் தூக்கறதுக்கு மட்டும்தான் எங்களக் கூப்பிடறாங்க, அது மனசுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

கஞ்சம்_ரிட்டர்ன் எழுதியது:

ஒடிசாவுல சில வருஷம் வேலையில இருந்தேன், அதனால அந்தப் பசங்க விஷயம் மட்டும் சொல்றேன். அவங்க எந்த ஜில்லான்னு முதல்ல கேளுங்க பிரதர். கந்தமால், கஜபதி பக்கம்னா அவங்கள்ல சில பேர் ஏற்கெனவே பாப்டிஸ்டா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கந்தமால் மலைகள்ல கூயி பேசற ஜனங்க நடுவுல இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷன் வேலை செஞ்சது, கஜபதி பக்கம் சவரா ஜனங்க நடுவுல கனடா பாப்டிஸ்ட் மிஷன். 2008ல கந்தமால் கலவரத்துல வீடும் சர்ச்சும் எரிஞ்சு காட்டுல ஒளிஞ்சிருந்தவங்க ஆயிரக்கணக்குல, அதுக்கப்புறம் ஊர விட்டு வேலைக்குன்னு வெளிய கிளம்பின குடும்பங்களும் உண்டு.

நான் பழகின வரைக்கும் அவங்க வெளியூர்ல தானா கிறிஸ்தவன்னு சொல்லிக்க மாட்டாங்க, பயம். நீங்க போய் முதல் நாளே பைபிளும் கைப்பிரதியும் நீட்டாதீங்க. ஞாயிறு மத்தியானம் லீவு இருக்கும், சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க, பருப்பும் உருளைக்கிழங்கும் சோறும் போதும், அவங்கள்ல ஒருத்தன் பாடுவான் பாருங்க, மேளம் இருந்தா இன்னும் சந்தோஷம். கிறிஸ்தவங்களா இல்லன்னாலும் பரவாயில்ல, கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வெளி ஊழியம்னு பணத்த தூர அனுப்பறோம், உங்களுக்கு அந்த வெளி ஊரே பஸ் ஏறி வாசலுக்கு வந்து நிக்குது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் எழுதியது:

கூலித் தகராறுக்கு சபை போகக்கூடாதுன்னு சொன்ன பெரியவங்களுக்கு ஜமைக்கா கதைய சொல்லுங்க. அங்க பாப்டிஸ்ட் சபைய ஆரம்பிச்சதே ஜார்ஜ் லைல், விடுதலையான ஒரு அடிமை, கேரி கப்பல் ஏறறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி. 1831 கிறிஸ்மஸ் சமயத்துல சாம் ஷார்ப்னு ஒரு டீக்கன், அவரும் அடிமைதான், கூலி குடுத்தாத்தான் கரும்பு வெட்டுவோம்னு வேலைநிறுத்தத்துக்கு ஜனங்கள ஒண்ணு சேர்த்தார், அது கலகமா வெடிச்சது, 1832 மே மாசம் அவரத் தூக்குல போட்டாங்க. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிங்க பாப்டிஸ்ட் சாப்பல்கள இடிச்சாங்க, எரிச்சாங்க. அங்க இருந்த மிஷனரி வில்லியம் நிப் இங்கிலாந்துக்குப் போய் ஊர் ஊரா மேடை ஏறி அடிமைமுறைக்கு விரோதமா பேசினார், சும்மா இருங்கன்னு சொன்னவங்க பேச்ச அவர் கேக்கல. 1833ல பார்லிமெண்ட் அடிமைமுறைய ஒழிக்கற சட்டத்த நிறைவேத்துச்சு. அந்த டீக்கன் ஆரம்பிச்சது கூலின்னு கேட்டதுலதான். யாக்கோபு நிருபம் அஞ்சாம் அதிகாரத்துலயும் பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னுதானே இருக்கு.

இங்கிலாந்துல முதல் பாப்டிஸ்ட் சபைய 1612 வாக்குல லண்டனுக்கு வெளிய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ல ஆரம்பிச்ச தாமஸ் ஹெல்விஸ் கூட, ராஜாவுக்கு ஜனங்க ஆத்துமா மேல அதிகாரம் இல்ல, யூதனோ துருக்கனோ (அந்தக் காலத்துல முஸ்லிம அப்படித்தான் சொல்வாங்க) யாரா இருந்தாலும் அவங்க விசுவாசத்துக்காக தண்டிக்கக்கூடாதுன்னு எழுதிட்டு ஜெயில்லயே செத்தவர். அவர் கேட்டது தன் சபைக்கு மட்டும் சுதந்திரம் இல்ல. பாப்டிஸ்ட்ங்கற பேர வச்சுக்கிட்டு பக்கத்து ஆலையில நடக்கறத நாம பாக்காம இருக்க முடியாதுங்க. சண்டைக்குப் போகச் சொல்லல, லேபர் ஆபீஸ்ல மனு எழுதிக் குடுக்க தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் கூடப் போனாலே பெரிய உதவி, உங்க டீச்சரம்மா எழுதித் தரலாமே.

மலையடிவாரம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தொகை தெரியாம பேசிட்டிருக்கோம்னு சொன்னது உண்மைதான், நேத்து ஒரு ஃபேப்ரிகேஷன்காரர வரச்சொல்லி அளந்தாச்சு, இன்னொருத்தர் வியாழக்கிழமை வர்றாரு. லைன கழட்டி தார்ப்பாயும் போட்டாச்சுங்க.

ஒரு சந்தேகம். ஒரே தீர்மானமா வச்சா, "கூரையா மிஷனா"ன்னு ஆயிரும், பாதிப்பேரு ஜெயிச்சவங்க பாதிப்பேரு தோத்தவங்கன்னு சபை ரெண்டா நிக்கும். இதுக்கு என்ன பண்றது?

பழைய பெஞ்சு எழுதியது:

மூணாப் பிரிங்க தம்பி. கூரை நிதி ஒண்ணு, முதல் ஞாயிறு காணிக்கை ஒண்ணு, ஒடிசாப் பிள்ளைகள் விஷயம் ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் தனி ஓட்டு. கையத் தூக்கச் சொல்லாதீங்க, சீட்டுல எழுதி வாங்குங்க, ஆலையில வேலை பாக்கற அங்கத்தினர் இருப்பாங்க, முதலாளிக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயப்படுவாங்க. விலைப்பட்டியல ஒரு வாரம் முன்னாடியே நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க. கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை ஜெபக் கூட்டத்துல இந்த மூணுக்கும் ஜெபிங்க, அந்த ரெண்டு டீக்கன்மாரையே ஜெபத்த நடத்தச் சொல்லுங்க. ஓட்டு ரொம்ப நெருக்கமா வந்தா அன்னைக்கே முடிக்காம அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கலாம், அது மினிட்ஸ்ல எழுதிட்டா போதும்.

மலையடிவாரம் எழுதியது:

சரிங்கையா. பாஸ்டர்கிட்ட சொன்னேன், மூணு தீர்மானத்துக்கு ஒத்துக்கிட்டாரு. பலகைய மாத்தற செலவ ஒரு டீக்கன் தானே ஏத்துக்கறேன்னுட்டாரு, அவரோட பேத்தி அடுத்த ஞானஸ்நானத்துக்குப் பேரு குடுத்திருக்கு. ஒடிசாப் பசங்க ரெண்டு பேரு கஜபதி ஜில்லாதானுங்க, இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.